மூன்று தரம் சொன்ன பிறகு

பதிவு கொஞ்சம் நீளம். ஆன்லைனில் பழைய பொருள் வாங்குகிறவர்கள், பிள்ளைகள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஏலம் கேட்டவர் பின்வாங்கினால் கட்டிய முன்பணம் போய்விடும். இது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏலம் விட்டவரே பின்வாங்கினால்? இதை யாரிடம் கேட்டாலும் உடனே பதில் வருவதில்லை. "அவங்க பொருள், அவங்க இஷ்டம்" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அது சரியான பதில் இல்லை.

நம் முசரவாக்கம் பக்கத்து ஊர்களில் ஏலம் புதிதல்ல. ஏரி மீன், புளியமரத்து மகசூல், மாதச் சீட்டு என்று எல்லாவற்றிலும் ஏலம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லி முடித்துவிட்டால் அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் பேச்சில்லை. அந்த மூன்றாவது தரத்துக்கு அவ்வளவு மரியாதை. இப்போது ஏலம் கைபேசிக்குள் போய்விட்டது. மரியாதையும் கூடவே போனதா என்பதுதான் கேள்வி.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தறி நெய்கிறார். இரண்டு பிள்ளைகள். அவருடைய ஜக்கார்டு பெட்டி தேய்ந்து, கொக்கி சரியாகத் தூக்காமல் பார்டரில் பூ விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. பட்டுச் சேலையில் அப்படி விழுந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். புதுப் பெட்டிக்கு வழியில்லை. பழைய தறிச் சாமான்கள் ஏலம் விடும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், வெளியூர் வியாபாரி ஒருவர் 240 கொக்கி பெட்டி ஒன்றைப் படத்தோடு போட்டிருந்தார். ஆரம்ப விலை 8,000. இரவு 9 மணிக்கு முடிவு என்று எழுதியிருந்தார்கள். நம் ஆள் 14,500-க்குக் கேட்டார். 9 மணிக்கு "3 தரம், முடிந்தது" என்று குழுவில் போட்டு, அவர் எண்ணையும் குறிப்பிட்டார்கள். அன்றிரவே யூபிஐ மூலம் 3,000 முன்பணம் போனது. பெட்டியை ஏற்றி வர டெம்போவுக்கு 1,000 கொடுத்து வைத்தார்.

மூன்றாம் நாள் வியாபாரியிடமிருந்து செய்தி: "பெட்டியில கொஞ்சம் ரிப்பேர் இருக்கு, குடுக்க முடியாது, மன்னிச்சிருங்க." அடுத்த நாளே வேறொரு குழுவில் அதே பெட்டி, அதே படம். வேறொருவர் 19,000-க்கு எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ரிப்பேர் என்றது வெறும் சாக்கு.

அவர் என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், இப்படிச் செய்ய அவருக்கு உரிமை இருக்கா?"

இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன்.

1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன் 64-ஆம் பிரிவு முழுக்க ஏலத்தைப் பற்றியது. ஏலம் விடுகிறவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கத்தில் உள்ள வேறு முறையிலோ முடிவை அறிவித்ததும் விற்பனை நிறைவடைகிறது என்கிறது அது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியை வாபஸ் வாங்கலாம். அதற்குப் பிறகு இருவரும் கட்டுப்பட்டவர்கள். நம் ஊரின் "மூன்று தரம்" அந்த வழக்கத்தில் உள்ள முறைதான். குழுவில் "முடிந்தது" என்று போடுவதும் அதுவே என்பது என் புரிதல். கைபேசியில் பேசியது ஒப்பந்தமாகுமா என்ற சந்தேகமும் வேண்டாம். மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

அதே 64-ஆம் பிரிவில் இன்னொன்றும் உண்டு. விற்பவர் தானோ தன் ஆளை வைத்தோ பொய்யாகக் கேட்டு விலையை ஏற்றினால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். குழு ஏலங்களில் இது நிறைய நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். தெரிந்து வைத்திருங்கள்.

ஆன்லைன் ஏலத்தில் விற்றவர் பின்வாங்கிய பெரிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. யூனியன் வங்கி, கடன் திரும்பாததால் நவி மும்பையில் இருந்த ஒரு சொத்தை 2023 ஜூன் மாதம் இணையவழியில் ஏலம் விட்டது. ஒரு நிறுவனம் 105.05 கோடி ரூபாய்க்கு எடுத்தது, முழுப் பணத்தையும் கட்டியது. இதற்கிடையில் கடன் வாங்கியவர் 129 கோடி தருகிறேன், சொத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வந்தார். வங்கிக்கும் அதில் ஆசை. பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஏலம் எடுத்தவர் விடவில்லை. 2023 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏல அறிவிப்பு வெளியானதுமே சொத்தை மீட்கும் உரிமை போய்விடுகிறது, பிறகு அதிகப் பணம் வருகிறது என்று ஏலத்தைக் கலைக்க முடியாது என்றது. கலைத்துக்கொண்டே போனால் அடுத்த ஏலத்துக்கு யார் நம்பி வருவார்கள் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வித்தியாசத் தொகையான 23.95 கோடியையும் ஏலம் எடுத்தவரே கட்டித்தான் சொத்தைப் பெற்றார். ஜெயித்தவருக்கும் செலவு உண்டு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்கால விமானம் ஒன்றை ஈபேயில் ஏலத்துக்கு வைத்தார். ஒருவர் ஒன்றரை லட்சம் டாலருக்கு எடுத்தார். விற்றவரோ, இன்னொருவர் ஒரு லட்சம் கூடத் தருகிறார் என்று மறுத்தார். 2007-ல் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம், ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது, விமானத்தைக் கொடு என்றது. ஜெர்மனியில் ஒருவர் தன் பழைய காரை ஒரு யூரோ ஆரம்ப விலைக்குப் போட்டார். வெளியில் 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் ஏலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அப்போது கேட்டிருந்தவர் வழக்குப் போட்டார். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-ல் 5,249 யூரோ நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. காரின் மதிப்பு 5,250, அதில் அந்த ஒரு யூரோவைக் கழித்துக்கொண்டார்கள்!

இப்படிச் சொன்னதும், விற்பவர் எப்போதுமே பின்வாங்க முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. குருவாயூர் கதை நினைவிருக்கலாம். 2021 டிசம்பரில் மஹிந்திரா நிறுவனம் கோயிலுக்கு ஒரு தார் வண்டி காணிக்கை கொடுத்தது. தேவஸ்வம் அதை ஏலம் விட்டது. அடிப்படை விலை 15 லட்சம். ஒரே ஒருவர்தான் கேட்டார், 15.10 லட்சம். ஏலம் முடிந்ததும், இது தற்காலிக முடிவுதான், நிர்வாகக் குழு உறுதி செய்தால்தான் செல்லும் என்றார்கள். பிறகு விஷயம் நீதிமன்றம் போய், 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தது. அதே வண்டி 43 லட்சத்துக்குப் போனது. கோயிலுக்கு ஏறக்குறைய 28 லட்சம் கூடுதல். முதலில் எடுத்தவருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் கோயில் சொத்து, அரசுச் சொத்து போன்றவற்றில் "உறுதி செய்யும் அதிகாரம் எங்களுக்கு உண்டு" என்று நிபந்தனையில் எழுதிவிடுவார்கள். அங்கே மூன்றாவது தரம் முடிவல்ல. கையெழுத்துதான் முடிவு.

ஆக, முதல் பாடம்: கேட்பதற்கு முன் நிபந்தனையைப் படியுங்கள். நம் மாணவர் கேட்ட குழுவில் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. "3 தரம் சொன்னால் மாற்றம் இல்லை" என்று அவர்களே மேலே எழுதி வைத்திருந்தார்கள்.

முன்பு ஈபே இந்தியாவில் இருந்தபோது நாம் கட்டும் பணத்தை அவர்கள் பிடித்து வைத்து, பொருள் கைக்கு வந்த பிறகுதான் விற்பவருக்குக் கொடுப்பார்கள். அந்தத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இன்றைய குழு ஏலங்களில் நடுவில் யாரும் இல்லை. பணம் நேராகப் போய்விடுகிறது. அதனால் நாமேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

விற்றவர் பின்வாங்கினால் என்ன செய்வது? மாணவரிடம் நான் சொன்னதையே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் கோபப்பட்டு எதுவும் எழுதாதீர்கள். ஏல அறிவிப்பு, கேட்ட தொகைகள், "முடிந்தது" என்ற செய்தி, பணம் போன யூபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அசல் செய்திகளை அழிக்காதீர்கள். அவர் அழித்தாலும் உங்களிடம் இருக்கும்.

2. எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியது காற்றோடு போய்விடும். இந்தத் தேதிக்குள் பொருளைக் கொடுங்கள், இல்லையென்றால் முன்பணத்தையும் எனக்கு ஆன செலவையும் கொடுங்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அதையே ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

3. பின்வாங்குவது வேறு, ஏமாற்றுவது வேறு. பொருளே இல்லாமல் படம் போட்டுப் பணம் பறித்துவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டவர் மோசடிக்காரர். அதற்கு உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் தூரம் போகும்.

4. விற்றவர் வியாபாரி என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தறிக்காரருக்கு இது முக்கியம்.

5. எவ்வளவு கேட்கலாம்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் மீறப்பட்டதால் இயல்பாக ஏற்பட்ட நஷ்டம். இவருக்கு அது அதே மாதிரிப் பெட்டியின் சந்தை விலைக்கும் ஏல விலைக்கும் உள்ள வித்தியாசம். 19,000-க்குப் போனதால் 4,500 என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு 3,000 முன்பணம், டெம்போ 1,000.

இவ்வளவையும் சொல்லி, கடிதத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஏழு நாள் தவணை. அதுவரை பதிலே பேசாத வியாபாரி, 64-ஆம் பிரிவு என்ற எழுத்தைப் பார்த்ததும் நாலாம் நாள் 4,000 அனுப்பிவிட்டார். முன்பணமும் டெம்போ பணமும் வந்துவிட்டது. அந்த 4,500?

ஆணையத்துக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாம் சார். அங்க போய் நிக்கிற நாள்ல நான் ரெண்டு முழம் நெஞ்சிருவேன்" என்றார்.

எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. உரிமை இருந்தும் விட்டுக்கொடுத்தால், அந்த வியாபாரி அடுத்த தறிக்காரரிடம் இதையேதான் செய்வார். ஆனால் நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். என் நாளுக்குக் கூலி பிடிப்பவர் யாரும் இல்லை. முழக் கணக்கில் பிழைக்கிறவரிடம் "கொள்கைக்காகப் போராடு" என்று சொல்வது எனக்குச் சுலபம். தீர்மானம் அவருடையது. ஒரு வேலை மட்டும் செய்தார்: நடந்ததை ஆதாரத்தோடு அந்தக் குழுவில் போட்டார், ஒரு வசவு வார்த்தை இல்லாமல். குழு நடத்துபவர் அந்த வியாபாரியை நீக்கிவிட்டார். இனி விற்பவரும் 1,000 ரூபாய் கட்டி வைத்தால்தான் ஏலம், பின்வாங்கினால் அது கேட்டவருக்கு என்று புது விதியும் வந்திருக்கிறது. கேட்டவரின் முன்பணம் போகும் என்றால் விட்டவரின் பணமும் போக வேண்டும் அல்லவா? நியாயமான விதி.

பெட்டி இன்னும் கிடைக்கவில்லை. பழையதையே கொக்கி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் நல்ல நிலையில் 240 கொக்கி பெட்டி விற்பனைக்கு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். விலை பேசி முடிக்கலாம், ஏலம் வேண்டாம்.

விற்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த விலைக்குக் கீழே தர மனமில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறைந்தபட்ச விலை வைப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் ஏலம் விட்டு, வந்த விலை பிடிக்கவில்லை என்று பொருளை இழுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம் ஒருவர் உங்கள் வாக்கை நம்பி வண்டி பேசி வைத்திருப்பார்.