சேர்வருக்கு எத்தனை வயசு?

மெயில் சேர்வருக்கு எந்த லினக்ஸ் நல்லம் எண்டு ஒரு சின்ன அலுவலகத்தில என்னைக் கேட்டிச்சினம். வேகத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை வருசத்துக்கு வரும், அந்த வாக்கை ஆர் மாத்தலாம் எண்டதுதான் என்ர கேள்வி.

சென்ட்ஓஎஸ் 8 ஐ 2029 வரைக்கும் பாவிக்கலாம் எண்டு கனபேர் நம்பியிருந்தவை. 2020 டிசெம்பரில் ரெட் ஹட், அதை 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தது. காசு குடுக்காமல் பாவிச்சவை ஆரிட்டப் போய்க் கேக்கிறது? அந்த இடைவெளிக்குத்தான் அல்மாலினக்ஸும் ரொக்கி லினக்ஸும் வந்தன. ரொக்கியைத் தொடக்கிய கிரெகரி குர்ட்சர், சென்ட்ஓஎஸ்ஸைத் தொடக்கியவர்களிலும் ஒருவர்!

மெயில் மென்பொருளில் குழப்பமில்லை. அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில கிடக்கிறதை வாசிக்க டவ்கொட். ரெண்டும் இந்த லினக்ஸ் எல்லாத்திலயும் ஓடும்.

நான் டெபியனைச் சொன்னன். ஒரு வெளியீட்டுக்கு ஐந்து வருசம்தான், அல்மா சொல்லுற பத்தில பாதி. ஆனால் அது எந்தக் கொம்பனிக்கும் சொந்தமில்லை. (அது எக்ஸிமைத்தான் முதலில தரும், மாத்திறது லேசு.) ஐந்து வருசத்துக்கு ஒருக்கா ஆர் மாத்திறது எண்டு கேட்டிச்சினம். அந்த ஆளின்ர பேரை இப்பவே எழுதி வையுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்.