ஆராய்ச்சிக்கு நிலையம் எடுத்தல்

வீடு கட்ட எண்ணிய ஒருவர், பணம் கைக்கு வந்ததும் கல்லையும் சீமெந்தையும் வாங்கி வளவிற் குவித்துவிடுவதில்லை. நல்ல நாள் பார்க்கிறார். அறிந்தவரை அழைத்து நிலையம் எடுப்பிக்கிறார். வாசல் எத்திசை, கிணறு எம்மூலை, அடுக்களை எவ்விடம் என்று நூல் பிடித்து முளையடித்த பின்னரே அத்திவாரம் வெட்டத் தொடங்குகிறார். இவ்வளவு நிதானமுள்ள நம்மவர், தம் பிள்ளைகள் ஓர் ஆராய்ச்சி செய்யப் புறப்படும்போது மட்டும் அந்நிதானத்தைக் கைவிட்டுவிடுவது ஏனோ நமக்கு விளங்குவதில்லை.

உயர்தர வகுப்பு மாணவர் ஆய்வுச் செயற்றிட்டம் ஒன்றைத் தொடங்குமுன், அதற்கு ஒரு முன்மொழிவு எழுதித் தருதல் வேண்டும். ஆண்டுதோறும் அத்தகைய முன்மொழிவுகள் பல நம் மேசைக்கு வருகின்றன. அவற்றின் தலைப்புக்களைக் கண்டாலே நெஞ்சு திடுக்கிடும். 'வட மாகாணத்து விவசாயம்' என்று ஒருவர் எழுதுவார். 'இளைஞரும் சமுதாயமும்' என்று இன்னொருவர் எழுதுவார். பேராசிரியர் பலர் கூடிப் பல்லாண்டு உழைத்தாலும் முடியாத காரியத்தைப் பதினேழு வயதுப் பிள்ளை மூன்றாந் தவணைக்குள் முடிப்பதாக ஒப்புக்கொள்கிறது! இக்காலத்தில் இணையத்திலே கேட்டால் இமைப்பொழுதில் முன்மொழிவொன்று அச்சிட்டாற்போல வந்து விழும். அதில் நோக்கம் இருக்கும், முறையியல் இருக்கும், முடிவுங்கூட இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்று. அப்பிள்ளை உண்மையில் அறிய விரும்பிய கேள்வி அதிலே இராது.

தலைப்பு வேறு, கேள்வி வேறு என்பதை நாம் வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு. 'கிணற்று நீர்' என்பது தலைப்பு. 'எங்கள் கிணறு ஏன் உவர்த்தது?' என்பது கேள்வி. முன்னையது யாரையும் எங்கும் கொண்டு செல்லாது. பின்னையது கால் நோவப் பத்து வளவு நடக்கச் செய்யும்.

இவ்வுதாரணத்தை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. இவ்வாண்டு நம்மிடம் வந்த மாணவியொருத்தி, 'யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்' என்ற தலைப்பில் ஆறு பக்கம் எழுதியிருந்தாள். நூறு கிணறுகளில் மாதந்தோறும் நீர் எடுத்து, ஓராண்டு சோதிப்பதாகத் திட்டம். கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த பிள்ளை அவள். "உமது வீட்டுக் கிணறு எப்படி, பிள்ளை?" என்று கேட்டோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு, "எங்கடை கிணறு உவராய்ப் போச்சுது, சேர். அம்மா கோயிற் கிணத்திலைதான் குடிக்கத் தண்ணி அள்ளுறா. பக்கத்து வளவுப் பெரியப்பா மிசின் பூட்டி இறைக்கத் தொடங்கின பிறகுதான் இப்படி" என்றாள். மூன்று ஆண்டாக இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் மெல்ல மெல்ல வெளிவந்தது.

ஆறு பக்கத்திலும் இல்லாத கேள்வி அந்த நான்கு வசனத்தில் இருந்தது. ஆனால் அது கேள்வியாக இருக்கவில்லை; முன்னரே எழுதி முடித்த தீர்ப்பாக இருந்தது. பெரியப்பாவின் இயந்திரமே குற்றவாளி என்று நிறுவுதற்கு அவள் ஆய்வுகூடத்தைத் துணைக்கு அழைத்தாள். முன்மொழிவு வரைதலில் நாம் உழைக்க வேண்டியிருந்தது இங்கேதான்: தீர்ப்பை மீண்டும் கேள்வியாக்குவதில்.

அவளது ஐயம் வெறும் வீண்பழியன்று. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடாக இறங்கி நிலத்தின்கீழ்த் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாதலின், கடலிலிருந்து அடியிற் புகுந்துள்ள உவர்நீரின்மேல் அது ஒரு வில்லை போல மிதக்கின்றது. 1880களின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901 ஆம் ஆண்டில் செருமானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே காட்டிய கணக்கொன்றுண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது நிற்கும் என்பதே அக்கணக்கு. அப்படியாயின், இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைத்தோமானால் கீழே உவர்நீர் எவ்வளவு ஏறிவரக்கூடும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். கற்பாறையின் வெடிப்புக்கள் இடத்துக்கிடம் வேறுபடுதலால், நம் நிலத்தில் இக்கணக்கு அப்படியே பொருந்துமென்று சொல்ல முடியாது. ஆகவே அளந்துதான் பார்க்கவேண்டும்.

அளப்பதற்குத் திட்டம் வேண்டுமன்றோ? திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் 47 தொடக்கம் 50 வரை அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்கென வகுத்த அவ்வரிசை மாணாக்கனுக்கும் நன்கு உதவும் என்பது நம் அனுபவம். அந்தப் பிள்ளையோடு அவ்வரிசையிலேயே சென்றோம்.

முதலாவது, தெரிந்து செயல்வகை. அதாவது கேட்பது இன்னதென்று தெளிதல். பல நாள் எழுதி எழுதி அழித்தபின் அவள் கேள்வி இவ்வாறு அமைந்தது: 'எங்கள் கிராமத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவிலுள்ள கிணறுகளுள், இயந்திரத்தால் இறைக்கப்படுவன, கையால் அள்ளப்படுவனவற்றிலும் உவர் கூடியனவா?' இதற்கு 'ஆம்' என்றும் விடை வரலாம். 'இல்லை' என்றும் விடை வரலாம். இரண்டில் எது வந்தாலும் எழுதுவதற்கு ஆயத்தமானவனே ஆராய்ச்சியாளன்.

இரண்டாவது, வலியறிதல். நீரிலுள்ள குளோரைட்டை அளக்க, 1856 ஆம் ஆண்டில் மோர் என்ற செருமானிய இரசாயனவியலாளர் வெளியிட்ட முறை நம் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு ஏற்றது. மாதிரி நீரிற் சிறிது பொற்றாசியம் குரோமேற்றைச் சேர்த்து, அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விடவேண்டும். மஞ்சள் நிறம் செங்கபில நிறமாக மாறத் தொடங்குமிடத்தில் நிறுத்தவேண்டும். ஒரு நியமிப்புக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிணறு, பன்னிரண்டு மாதம், ஒவ்வொன்றும் மும்முறை என்றால் 3,600 நியமிப்பு. அஃதாவது 600 மணித்தியாலம். கிழமைக்கு இரண்டு மணித்தியாலமே ஆய்வுகூடம் கிடைக்கும் பிள்ளைக்கு அது ஏறத்தாழ ஆறாண்டு வேலை. இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது அவளே சிரித்துவிட்டாள். பன்னிரண்டு கிணறு, இரு பருவம், மும்முறை என்று குறைத்தோம். 72 நியமிப்பு, 12 மணித்தியாலம், ஆறு கிழமை. வெள்ளி நைத்திரேற்று விலையுயர்ந்த பொருளாதலால், திட்டம் சுருங்கியதில் செலவும் சுருங்கிற்று.

மூன்றாவது, காலமறிதல். மழைக்கு முன் நிலம் வரண்டிருக்கும் புரட்டாதியில் ஒரு முறை; மழை ஓய்ந்து நீர் ஊறிய தையில் மறுமுறை. முதலாவதைத் தவறவிட்டால் மழை நமக்காகக் காத்திராது; ஓராண்டு போய்விடும். எல்லாக் கிணற்றிலும் விடியற்காலையில், இறைப்புத் தொடங்குமுன் நீர் எடுக்கவேண்டும். ஒரு கிணற்றில் விடியலிலும் மற்றதில் மாலையிலும் எடுத்தால் ஒப்பிடுவது கிணற்றையா, நேரத்தையா என்பது தெரியாது.

நான்காவது, இடனறிதல். கிராமத்தின் படத்தை அவள் தன் கையாலேயே வரைந்தாள். கடற்கரையிலிருந்து ஒவ்வொரு கிணற்றுக்கும் உள்ள தொலைவை அளந்து, ஒத்த தொலைவிலுள்ள இயந்திரக் கிணறொன்றையும் கைக்கிணறொன்றையும் சோடி சேர்த்தாள். ஆறு சோடி. வீட்டுக்காரர் பெயர் எங்கும் வராது. இலக்கம் மட்டுமே வரும். உண்மை வெளிப்படல் வேண்டும். அயலவர் மனம் நோதல் வேண்டாம்.

இவற்றோடு இன்னுமொன்று செய்வித்தோம். முதற் போத்தல் நீர் எடுக்குமுன்னரே, முடிவுகளை எழுதப்போகும் அட்டவணையை வெறுமையாக வரைந்து, அதன் கீழே இரண்டு வாக்கியங்களை எழுதும்படி கூறினோம். ஒன்று, எத்தகைய எண்கள் வந்தால் தன் எண்ணம் பிழையென்று ஒப்புக்கொள்வாள் என்பது. மற்றது, இந்த ஆய்வு எதைச் சொல்லமாட்டாது என்பது. இரண்டாவதை அவள் எழுதியபோது பேனா சற்றுத் தயங்கிற்று. 'எங்கள் வீட்டுக் கிணறு உவர்த்ததன் காரணத்தை இந்த ஆய்வு நிறுவாது' என்று அவள் எழுதினாள். பன்னிரண்டு கிணற்றின் பொதுப் போக்கை அறியலாமேயன்றி, ஒரு கிணற்றின் வழக்கை அதனால் தீர்த்தல் இயலாது.

நாம் நினைத்ததற்கு மாறான சான்றைத் தேடிச் செல்லுதல் எளிதன்று. 1854 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் நகரின் சோஹோப் பகுதியில் வாந்திபேதி பரவி, பத்து நாளுக்குள் 500 பேருக்கு மேல் மாண்டனர். புரோட் வீதியிலிருந்த நீர்ப்பம்பியே அதற்குக் காரணம் என்றார் வைத்தியர் ஜோன் ஸ்நோ. மாண்டவரை மட்டும் அவர் எண்ணவில்லை, மாளாதவரையும் நாடினார். அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் இருந்தும் ஐவரே இறந்தனர். அவ்வில்லத்துக்குத் தனிக் கிணறு இருந்தது. அப்பகுதிக் குருவானவராகிய ஹென்றி வைற்ஹெட் என்பவரோ ஸ்நோவின் கருத்தை நம்பவில்லை. அது தவறென்று காட்டும் எண்ணத்துடனே வீடு வீடாகச் சென்று விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க, சான்றுகள் யாவும் அந்தப் பம்பியையே சுட்டின. 1855 ஆம் ஆண்டில் அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, ஸ்நோவுக்கு வலிமையான சாட்சியானார். மறுக்கப் போனவர் நேர்மையாகப் போனார். ஆதலால் உண்மை அவருக்கும் அகப்பட்டது.

நம் மாணவியின் திட்டத்தில் இறுதியாக எஞ்சியது அனுமதி. அவள் வீட்டுக் கிணற்றோடு சோடி சேர்வது பெரியப்பாவின் கிணறே. "அதை விட்டு வேறொண்டு எடுப்பமே, சேர்?" என்று கேட்டாள். எடுக்கலாம், ஆனால் வேலிச் சண்டைக்காக ஒரு கிணற்றை விலக்கிய ஆராய்ச்சி அச்சண்டையின் பக்கமே சாய்ந்துவிடும் என்றோம். ஒரு சனிக்கிழமை காலை அவளுடன் நாமும் சென்றோம். முதியவர் கடிதத்தை இருமுறை வாசித்தார். "என்ரை மிசின்தான் காரணம் எண்டு வந்தால் என்ன செய்வாய், பிள்ளை?" என்று கேட்டார். அவள், "வந்ததை எழுதுவன், பெரியப்பா. இல்லை எண்டு வந்தாலும் எழுதுவன். அப்பாவுக்கு வாசிச்சும் காட்டுவன்" என்றாள்.

அவர் கையொப்பமிட்டார். பின்பு வெங்காயத் தறைப் பக்கம் கைகாட்டி, "எங்கடை தண்ணியும் போன வருசம் துவக்கம் கரிக்குது. பயிர் கருகுது. ஆரிட்டைச் சொல்ல?" என்றார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, இங்கே கிணற்றை அளக்க அனுமதி கேட்டபோதே ஓர் உண்மை புறப்பட்டுவிட்டது. குற்றவாளி என்று மூன்றாண்டாக நினைக்கப்பட்டவர் தாமும் அதே உவரால் நட்டப்பட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு இருபுறமும் ஒரே துன்பம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மட்டும் வாய் திறக்கவில்லை. அன்று தேநீர் குடித்தே திரும்பினோம்.

புரட்டாதி மாதத்து அளவுகள் எடுத்தாயிற்று. தை பிறந்தபின் மற்றவை எடுக்கப்படும். அட்டவணையின் ஒரு பாதி இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. விடை எப்பக்கம் சாயும் என்று நாமும் ஊகிக்க விரும்பவில்லை. அவளும் இப்பொழுது ஊகிப்பதில்லை. இயந்திரம் காரணமென்று காணப்பட்டால், இறைக்கும் நேரத்தையும் அளவையும் பற்றி ஊரவர் கூடிப் பேசலாம். காரணமன்று எனக் காணப்பட்டால் வேறு காரணம் தேடலாம்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்காக முன்மொழிவை எழுதிக் கொடாதீர்கள். எழுதுவோரைத் தேடிப் பணமும் கொடாதீர்கள். அதற்குப் பதிலாக, இரவு உணவுக்கு இருக்கும் வேளையில் நான்கு கேள்வி கேளுங்கள். நீ அறிய விரும்புவது என்ன? உன்னால் எவ்வளவு செய்ய இயலும்? எப்போது செய்வாய்? எங்கே செய்வாய்? நான்குக்கும் பிள்ளை தன் வாய்ச்சொல்லால் விடை சொல்லுமானால், முன்மொழிவு முக்காற்பங்கு முடிந்துவிட்டது.

மாணவர்க்குச் சொல்லக்கூடியது இன்னுமொன்று உண்டு. எழுதிய தாளை ஒப்படைக்குமுன் ஐந்தாவது கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: 'நான் நினைத்ததற்கு மாறாக வந்தால் என் செய்வேன்?' அதற்கு நேர்மையான விடை ஒன்றைத் தாளிலே எழுதிவிட்டீர்களாயின், உங்கள் ஆராய்ச்சிக்கு நிலையம் எடுத்தாயிற்று. இனி அத்திவாரம் வெட்டலாம்.