லெட்ஜரில் ஒரு துப்பாக்கி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. என்.சி.சி.க்கே டிமிக்கி கொடுத்தவன். படிப்பது பி.காம். ஆடிட்டிங் பேப்பருக்குப் படிக்க உட்கார்ந்தவன், எப்படியோ வழிமாறி அமெரிக்காவில் பழைய கோல்ட் ரிவால்வர் சேகரிப்பவர்களின் உலகத்தில் போய் விழுந்துவிட்டேன். (பிஸ்டல் வேறு, ரிவால்வர் வேறு என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.)

அவர்களுடைய தலைவலி ஒன்றே ஒன்றுதான். கையில் நூறு வருடத்துக்கு மேல் பழைய துப்பாக்கி. தொழிற்சாலையிலிருந்து இப்படியேதான் வந்ததா, இல்லை நடுவில் எவனாவது குழலை வெட்டி, கைப்பிடியை மாற்றி, புதுசாக நிக்கல் பூசினானா? 1873ல் வந்த 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கௌபாய் பட ஹீரோ இடுப்பில் தொங்குமே, அதேதான். வழக்கமான குழல் நீளமே மூன்று: 4¾, 5½, 7½ அங்குலம். கேட்டால் தனியாகவும் செய்து கொடுத்தார்கள். பாட் மாஸ்டர்சன் என்பவர் 1885ல் டாட்ஜ் சிட்டியிலிருந்து கம்பெனிக்கே கடிதம் எழுதி, நிக்கல் பூச்சு வேண்டும், விசை லேசாக வேண்டும், குழல் நுனியில் குறிபார்க்கும் முனை கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் வேண்டும் என்று ஆர்டர் போட்டிருக்கிறார். டெய்லரிடம் சட்டைக்கு அளவு சொல்வது மாதிரி! ஆக, வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காகவே போலி என்று தள்ளவும் முடியாது.

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. ஹார்ட்ஃபோர்டில் இருந்த கம்பெனி, எந்த நம்பர் எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று லெட்ஜரில் எழுதி வைத்தது. அதைப் பார்த்துக் காப்பகத்தில் கொடுத்த கடிதங்களில் காலிபர், குழல் நீளம், பூச்சு, கைப்பிடி, வாங்கிய கடை, அந்த லோடில் அதே மாதிரி எத்தனை என்பதெல்லாம் இருக்கும். சில இடத்தில் 'குறிப்பிடப்படவில்லை' என்றும் இருக்கும். அன்றைக்கு ஒரு குமாஸ்தா எழுதாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு இன்றைக்கு ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.

ஆனால் கடிதம் சொல்வது, அந்த நம்பர் எப்படிப் புறப்பட்டது என்பதை மட்டும்தான். எங்கப்பா 18,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினார். ஆர்.சி.யில் இருந்த இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் பக்கா. மூன்றாம் மாதம் மெக்கானிக் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதி வேறு வண்டியின் சாமான். விற்றவர் போனே எடுப்பதில்லை. ஆர்.சி. பொய் சொல்லவில்லை. அதனிடம் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சரக்கையும் பார்க்க வேண்டும். இந்த மாடலின் அடிப்பக்கம் சட்டத்திலும், விசைக் காப்பிலும், கைப்பிடியின் பின்பட்டையிலும் ஒரே சீரியல் நம்பர் இருக்க வேண்டும். குழலை நுனியில் வெட்டியிருந்தால், மேலே பொறித்த கம்பெனி முகவரி நடுவில் இல்லாமல் நுனிப்பக்கம் ஒதுங்கி நிற்கும். தேய்த்துப் பாலிஷ் போட்டு மறுபடி பூசியிருந்தால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். விற்பதற்கு முன் 'பளபள'வென்று ஆக்கிவிடலாம் என்று தாத்தாவின் துப்பாக்கிக்கு நல்லெண்ணத்தில் பூச்சுப் போட்டு, விலையைப் பாதாளத்துக்குக் கொண்டுபோகும் பேரன்கள் அங்கே நிறைய.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 'ஆர்ட்டிலரி' என்று அழைக்கப்படும் வகை. குதிரைப்படைக்குக் கொடுத்த 7½ அங்குலத் துப்பாக்கிகளை 1890களில் அமெரிக்க ராணுவம் திரும்ப வாங்கி, குழலை 5½ அங்குலமாக வெட்டியது. மொத்தமாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியதில் பாகங்கள் கலந்துவிட்டன. ஒன்றில் நான்கு விதமான நம்பர் இருக்கலாம். இந்த வகையில் நம்பர்கள் ஒத்துப்போகாததுதான் பெரும்பாலும் சரி! எல்லாம் பொருந்தியிருந்தால்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும்.

இப்படி ஒன்றை வாங்கி, நீளக் குழல் மாட்டி, நம்பரையும் சரிசெய்து 'ஒரிஜினல் குதிரைப்படை' என்று விற்பவர்களும் உண்டு. லெட்ஜர்படி அது சரியாகவே இருக்கும். என்னைக் கேட்டால் அது சுத்தமான திருட்டு. வாங்கியவனின் காசு மட்டுமா போனது? ராணுவப் பட்டறையில் எவனோ உட்கார்ந்து உண்மையாகவே செய்த வேலையையும் சேர்த்தல்லவா ராவி எறிந்துவிட்டார்கள்.