கை பிரேக் பிடித்திருந்தது

விபத்து வழக்குகளில் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல." ஓட்டுநர் மீது குற்றம் சாட்டும் தரப்புக்கு அது பிடித்தமான வாக்கியம். 1990களின் கடைசியில் பொள்ளாச்சியில் நான் நடத்திய ஒரு வழக்கில் மட்டும் எதிர்த்தரப்பு அதைக் கொண்டாடியது. கை பிரேக் நன்றாக இருக்கிறது என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். ஓட்டுநரும் கை பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தார். அப்படியும் வண்டி பின்னால் உருண்டது என்றால் அது விதி, ஓட்டுநரின் கவனக்குறைவு அல்ல என்று காப்பீட்டு நிறுவனம் பதிலுரை போட்டிருந்தது.

இறந்தவர் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். உதவி செய்யப் போன இடத்தில் இறந்தார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் மனுதாரர்கள்.

வண்டி ஒரு ஜோங்கா. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோலை மாதிரியாக வைத்து ராணுவத்துக்காகச் செய்தது. ஒன்றரை டன்னுக்குக் குறையாத இரும்பு. ராணுவம் கழித்த ஜோங்காக்கள் ஏலத்தில் வந்து மலைப் பகுதிகளில் நிறைய ஓடின. இந்த வண்டியை எடுத்தவர் ஒரு ஒப்பந்தக்காரர். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்திருந்தார். அதோடு, முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டையும் கழற்றி வீட்டில் போட்டிருந்தார், டீசல் மிச்சமாகும் என்று. நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதற்காகவே வாங்கும் வண்டியில் இரண்டு சக்கரத்தின் வேலையைப் பிடுங்கிவிடுவது, அதுவும் வால்பாறை மழையில்! இந்தச் சிக்கனத்தை நான் வேறு வண்டிகளிலும் பார்த்திருக்கிறேன்.

ஜூலை மாதம். எஸ்டேட் சாலையில் மேடேறும்போது ஜோங்காவின் இடது பின்சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கிவிட்டது. எஞ்சினும் நின்றுபோனது. ஓட்டுநர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அழுத்தியதில் பேட்டரி இறங்கியது. முதலில் வந்த லாரிக்காரர் தன் வண்டி 24 வோல்ட், உங்களுடையது 12, கேபிள் கொடுத்தால் எல்லாம் எரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகத்தான் சொன்னார். அடுத்து வந்தது டிராக்டர்.

டிராக்டர்காரர் விவரமானவர். சாட்சிகள் சொன்னதை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. ஜோங்காவின் வலது பின்சக்கரத்துக்கும் வலது முன் சக்கரத்துக்கும் பின்னால் கல் கொடுக்கச் சொன்னது அவர்தான். கேபிள் போடும்போது சிவப்பை பிளஸ்ஸுக்கு பிளஸ் கொடுத்துவிட்டு, கறுப்பின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சின் பிளாக்கில் மாட்டினார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதன் தலைமேல் பொறி பறக்கக் கூடாது. எஞ்சின் கிளம்பியது. பிறகு சங்கிலியை பம்பரில் கட்டாமல் சேஸிஸோடு இருக்கும் கொக்கியில் மாட்டி, சங்கிலி மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். சங்கிலி அறுந்தால் வீசியடிக்காமல் சாக்கின் கனம் அதைக் கீழே அமுக்கும். இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. டிராக்டர் சக்கரம் சேற்றில் சுற்றியது.

அந்த நேரத்தில் அரசுப் பேருந்து வந்தது.

வழக்கின் பாதி அந்தப் பேருந்தில் இருந்தது. அதற்கு வழிவிடத்தான் சங்கிலியைக் கழற்றி டிராக்டரை மேலே ஓரங்கட்டினார்கள். ஜோங்காவின் வலப்பக்கக் கற்கள் பேருந்துச் சக்கரம் போகிற தடத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. ஜோங்கா ஓட்டுநர் அவற்றைக் காலால் எத்திவிட்டார். பேருந்து போனது. கற்கள் திரும்ப வைக்கப்படவில்லை. இழுத்து வராததைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும் என்று, ஓட்டுநர் இடது பின்பக்க அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்தார். சக்கரம் கால்வாயிலிருந்து மேலே எழுந்ததும், அடியில் கல் நிரப்ப டிராக்டர்காரர் குனிந்தார். வண்டி பின்னால் நகர்ந்து ஜாக்கியை விட்டு இறங்கியது.

காப்பீட்டு நிறுவனம் மூன்று வாதங்களை வைத்தது. முதலாவது, எஸ்டேட் சாலை தனியார் இடம், மூன்றாம் நபர் காப்பீடு பொது இடத்துக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 2(34)-ஆவது பிரிவு பொது மக்களுக்குச் செல்லும் உரிமை உள்ள வழி எல்லாவற்றையும் பொது இடம் என்கிறது. அந்தப் பேருந்தின் நடத்துநரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அன்று கிழித்த டிக்கெட்டுகளைப் பற்றிக் கேட்டேன். அந்த வாதம் அங்கேயே தீர்ந்தது. இரண்டாவது, நின்றிருந்த வண்டி "பயன்பாட்டில்" இல்லை. இதற்கு 1991-இல் உச்ச நீதிமன்றம் சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில் சொன்னது போதுமானது. விபத்தில் கவிழ்ந்து சாலையோரம் கிடந்த பெட்ரோல் டேங்கர், சில மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் இறந்த வழக்கு அது. ஓடாமல் கிடந்தாலும் வண்டி பயன்பாட்டில் இருந்ததுதான் என்றது நீதிமன்றம். மூன்றாவதுதான் கை பிரேக்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இவற்றோடு சாலை விதிமுறைகள், 1989-ஐயும் கொண்டுவந்தார். இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடைவெளி ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பின்னால் பலகை மாட்ட வேண்டும் என்று நெடுநேரம் வாசித்தார். அன்று விதிகள் அப்படி இருந்தது உண்மை. அந்த வண்டி ஓர் அடிகூட இழுபடவில்லை என்பதும் உண்மை.

கை பிரேக்குக்கு விடை தேடி நான் போனது சட்டப் புத்தகத்துக்கு அல்ல, பொள்ளாச்சியில் பழைய ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம். நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள், "ஒரு சக்கரத்தைத் தூக்கிட்டாங்களாங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பொ கை பிரேக் இருந்தும் இல்லாததுதானுங்க."

காரில் கை பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும். ஜோங்காவிலும் பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளிலும் அது அப்படியல்ல. பிரேக் டிரம் கியர் பெட்டிக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டின் தலையில் இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்டை. ஷாஃப்டுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் உண்டு. ஷாஃப்ட் நின்றுவிட்டால், தராசுத் தட்டுகளைப் போல, ஒரு சக்கரம் முன்னே சுற்ற மற்றது அதே அளவு பின்னே சுற்றும். இரண்டும் தரையில் இருக்கும்வரை எதுவும் தனியாகச் சுற்ற முடியாது, வண்டி நிற்கும். ஒன்றைத் தூக்கிவிட்டால் அது காற்றில் தாராளமாகச் சுற்றும், தரையில் இருப்பது உருளும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான், கியரும் பிடிப்பது அந்த ஷாஃப்டையே. முன் ஷாஃப்ட் இருந்து, நான்கு சக்கர இழுவையும் போட்டிருந்தால் முன் சக்கரங்கள் வண்டியைப் பிடித்திருக்கும். அந்த ஷாஃப்ட்தான் ஒப்பந்தக்காரர் வீட்டில் கிடந்ததே.

ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன். கை பிரேக்கை எப்படிச் சோதித்தீர்கள்? நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது, தள்ளிப் பார்த்து. டிரம் எங்கே இருக்கிறது? ஷாஃப்டில். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிய நிலையில் சோதித்தீர்களா? இல்லை. தூக்கினால் பிடிக்குமா? அவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிடிக்காது" என்றார்.

எதிர்த்தரப்பு இதை ஒப்பவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொழில் தெரிந்தவர்களின் உதவியைப் பெறச் சட்டத்தின் 169-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதைச் சொல்லிக் கேட்டதில், நீதிபதி வளாகத்திலேயே காட்டச் சொன்னார். மெக்கானிக் அதே வகைக் கை பிரேக் உள்ள ஜீப்பொன்றைக் கொண்டுவந்தார். சமதளத்தில் நிறுத்தி, முதல் வேலையாக முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்தார். ஜாக்கிக்கு அடியில் பலகை. பின் அச்சைத் தூக்கியதும் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை இறக்கி, பாரம் ஸ்டாண்டில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களை நெருங்கவிட்டார். கை பிரேக்கை முழுவதும் இழுத்தார். "அய்யா, இதைச் சுத்திப் பாருங்க." நீதிபதி இடது சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினார். வலது சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. அவர் இன்னொரு முறை சுற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மிச்சம் இருந்தது கற்கள். ஜோங்கா ஓட்டுநர் கற்களை எத்தியதை மறுத்தார். காவல்துறையின் பார்வை மகஜரில் யாரும் கவனிக்காத ஒரு வரி இருந்தது: சாலையின் வலது ஓரத்தில், வண்டியிலிருந்து விலகி, சேறு படிந்த இரண்டு கருங்கற்கள். நடத்துநரும் கல்லை எத்தியதைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். கியரில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாது, பேட்டரி இல்லை, அதனால் ஓடவிட்டு நியூட்ரலில் வைத்திருந்ததாகச் சொன்னார். அது அவருக்கு நியாயமாகப்பட்ட பதில். கியரில் போட்டிருந்தாலும் வண்டி நின்றிருக்காது என்பது வேறு. ஆனால் ஓடும் எஞ்சினின் அதிர்வில், ஈர மண்ணில், ஒற்றை ஜாக்கியின் மேல் ஒன்றரை டன் வண்டியைத் தூக்கி ஓர் ஆளைப் பக்கத்தில் குனியவிட்டதாக அவர் வாயாலேயே பதிவானது. வண்டியைத் தடுத்திருக்கக்கூடியவை கற்களும் சங்கிலியும் மட்டுமே. ஒன்றை எத்தினார், மற்றது கழன்றிருந்தது.

தீர்ப்பாயம் ஓட்டுநரின் கவனக்குறைவை ஏற்றது. ஆனால் இறந்தவரும் ஓட்டுநர்தானே, ஜாக்கியை மட்டும் நம்பி அருகில் போகலாமா என்று இழப்பீட்டில் கால் பங்கைக் கழித்தது. அந்தக் கால் பங்குக்காக உயர் நீதிமன்றம் போனோம். காப்பீட்டு நிறுவனமும் தன் பங்குக்கு மேல்முறையீடு செய்தது.

சென்னையில் நான் வைத்தது ஒரே வாதம். டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் உண்டு, டிஃபரன்ஷியலைத் தாண்டி. நிறுத்தும்போது இரண்டு மிதியையும் சேர்த்துப் பூட்டினால், ஒரு சக்கரத்தைத் தூக்கினாலும் மற்றது பிடித்தபடியே இருக்கும். பிழைப்பே டிராக்டராக இருந்தவர், "கை பிரேக் போட்டிருக்கேன்" என்று ஜோங்காக்காரர் சொன்னதை நம்பியது அவருடைய தொழிலறிவின்படி சரி. ஜோங்காவின் டிரம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதைத் தினமும் ஓட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல் கொடுக்கச் சொன்னது, சாக்குப் போட்டது, ஆட்களை விலக்கியது எல்லாம் கவனக்குறைவான ஆளின் காரியங்கள் அல்ல என்பதையும் சொன்னேன்.

கழித்த கால் பங்கு திரும்பச் சேர்க்கப்பட்டது, காப்பீட்டு நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது. குழந்தைகளின் பங்கு அவர்கள் மேஜராகும்வரை வங்கி வைப்பில் இருக்க வேண்டும் என்றும், வட்டியைத் தாயார் எடுத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக ஓட்டுநர் மீது போட்ட 304-ஏ வழக்கு வால்பாறையில் ஏற்கெனவே விடுதலையில் முடிந்திருந்தது. அங்கே கை பிரேக் பிடித்திருந்ததா என்று மட்டுமே கேட்டிருந்தார்கள்.