யானை போட்ட மாப்பிள்ளை

புதிதாக வெள்ளையடித்த வீட்டில், ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் கலர்க் குச்சியைக் கொடுக்கிறவர்கள் ஒன்று ஞானிகளாக இருக்கவேண்டும், அல்லது சொந்த வீட்டுக்காரர்களாக இருக்கவேண்டும். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஆகையால், பிறந்தகம் வந்திருந்த என் தங்கையின் மகளுக்குக் கிரேயான் வாங்கியபோது, தரையில் பெரிய காகிதமாக விரித்து நாலு மூலையையும் ஒட்டிய பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

பெட்டியை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. இரண்டு குச்சி போதும். கட்டைவிரல் பருமன் இருக்கட்டும். மெல்லிசுக் குச்சி ஒரே அமுக்கில் முறியும். முறிந்த துண்டு நேரே வாய்க்குப் போகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சரக்கு என்னவோ வெறும் மெழுகும் வர்ணப் பொடியுந்தான். 1903-இல் அமெரிக்காவில் பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனியார் எட்டுக் குச்சிகளை ஒரு பெட்டியில் அடைத்து, ‘கிரேயோலா’ என்று பெயரிட்டு, ஐந்து சென்ட்டுக்கு விற்றார்கள்.

குழந்தை பிடித்தது பேனாப் பிடி அல்ல, உலக்கைப் பிடி. முஷ்டியில் இறுக்கிக்கொண்டு, தோளிலிருந்து கை முழுவதையும் வீசிற்று. காகிதத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கோட்டைப் பார்த்தது, குச்சியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. கை வந்துவிட்டது, கை போன வழி மட்டும் அங்கேயே இருக்கிறது! எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த ஆச்சரியம் புரியாதா? அப்புறம் கீறு கீறென்று கீறித் தள்ளிற்று.

இந்தக் கிறுக்கலையும் மதித்துச் சேர்த்தவர் ஓர் அம்மாள்: ஸான்பிரான்ஸிஸ்கோவில் குழந்தைப் பள்ளிகளில் பணியாற்றிய ரோடா கெல்லாக். லட்சக்கணக்கில் குழந்தைச் சித்திரங்களைத் திரட்டி, 1969-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கிறுக்கலில் அடிப்படையாக இருபது வகை உண்டென்று கணக்கிட்டவர் அவர். முதலில் முன்னும் பின்னுமாகக் கோடு, பிறகு சுழல், மூன்று வயதை ஒட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து மூடும் வட்டம். வட்டத்துக்குள் கண் வைத்து, கீழே இரண்டு கோடு இழுத்தால் மனிதன். வயிறில்லாத மனிதன்! இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சொல்லிக் கொடுக்கவும் ஆள் வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கிய மாப்பிள்ளை, “என்ன கண்ணு இது, ஒரே கிறுக்கல்? அப்பா யானை போடறேன் பாரு” என்று குச்சியை வாங்கினார். நல்ல யானைதான். தும்பிக்கை, வால், நகம்கூட விட்டுப் போகவில்லை. குழந்தை கைகொட்டிச் சிரித்தது. குச்சியை அவர் கையில் திணித்து, “ஆனை போடு” என்றது. மறுநாள் பூராவும் “ஆனை போடு”தான். தன் கையால் ஒரு கோடு இழுக்கவில்லை. தன் கோடு யானை ஆகாது என்று அதற்குள் அதற்கு எப்படித் தெரிந்துவிட்டது, பாருங்கள்! மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல முடியுமா? அவர் யானை மேல் பாகனை ஏற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் ஊருக்குப் போனதும், குச்சி என்னிடம் வந்தது. நல்லவேளை, எனக்கு யானை வராது.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் என் தாயார் வாசலில் கோலம் போடும்போது குழந்தையும் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டது. மாவில் கைவிட்டு, புள்ளிகளின் நடுவே ஓர் இழுப்பு இழுத்தது. அம்மா அதை அழிக்கவில்லை. ‘என்னடி இது?’ என்று கேட்கவும் இல்லை. தன் கோட்டை அந்த இழுப்பைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனாள். குழந்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு கை மாவு அள்ளிற்று.