பஸ்தான் இருக்கே, அப்புறம் என்ன?

எங்கள் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு ரயில் விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. 1861-லேயே தஞ்சாவூருக்கு ரயில் விட்ட ஊர் சார்! ஆனால் இதே மாவட்டத்தின் தெற்கு மூலையிலிருந்து ஒரு வேதாரண்யத்துக்காரர் எதிரே வந்துவிட்டால் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவோம். 2004-ல் அவர்கள் ஊர் ரயில் நின்றது. மறுபடி வந்தது 2023 ஏப்ரல் 8-ம் தேதி.

பத்தொன்பது வருஷம். அது நின்ற அன்று பிறந்த குழந்தை, ரயில் திரும்பி வருவதற்குள் காலேஜில் சேர்ந்து அரியர்ஸே வைத்திருக்கும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரை போகும் பாதை அது. மொத்தமே 37 கிலோமீட்டர். மீட்டர் கேஜை அகலப் பாதை ஆக்கத்தான் இத்தனை காலம். செலவு 294 கோடி என்றார்கள். பி.காம். படித்த பாவத்துக்கு வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 கோடி. வேகம், வருஷத்துக்கு 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. 1930-ல் ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து இங்கே நடந்தே வந்தாரே, அவர் இரண்டே வாரத்தில் வந்து சேர்ந்துவிட்டார்.

கனடாவின் வடக்கே ஹட்சன் விரிகுடா ஓரமாக சர்ச்சில் என்று ஓர் ஊர். ஆயிரம் பேர்கூடக் கிடையாது. பனிக்கரடிகள் தெருவுக்கு வந்து போகும். 2017 மே மாத வெள்ளத்தில் அதன் ரயில் பாதை அரித்துப் போனது. வெளியூருக்கு ரோடே இல்லாத ஊர். அரிசி பருப்பு மாதிரி சாமான்கூட விமானத்தில் வந்து, விலையும் விமானத்தில் ஏறியது. அரசாங்கம் பணம் போட்டு, 2018 முடிவதற்குள் ரயில் திரும்பிவிட்டது.

ஆயிரம் பேருக்கு ஒன்றரை வருஷம். முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிற வேதாரண்யத்துக்குப் பத்தொன்பது. ஏன்? சர்ச்சிலுக்கு ரோடு இல்லை; வேதாரண்யத்துக்கு பஸ் இருந்தது! 'பஸ்தான் இருக்கே, அப்புறம் என்ன?' என்ற ஒரே கேள்வியில் ஃபைல் தூங்கிவிட்டது. ஒரு வசதியைப் பறிப்பதற்கு இன்னொரு வசதி இருப்பதுபோல வசதி வேறு இல்லை.

அந்த இன்னொரு வசதி படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் காட்டியது. ரோடெல்லாம் மரம். மின்கம்பங்கள் சாய்ந்து செல்போனும் செத்தது. வேதாரண்யத்தில் இருக்கிற என் அத்தை வீட்டிலிருந்து நாலு நாள் தகவல் இல்லை. ஐந்தாம் நாள் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார், "எல்லாரும் இருக்காங்க. கூரைதான் இல்லை." ரயில் இருந்திருந்தாலும் புயலன்று ஓடியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரத்தை அகற்றியதும் அரிசி மூட்டைகள் வர இன்னொரு வழி இருந்திருக்கும்.

ரயில் வந்ததும் ஊர் சேர்ந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2019 ஜூனில் திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூர் - காரைக்குடி ரயிலை விட்டார்கள். கேட்டுக்கு ஆள் இல்லை. ஆகவே கேட் கீப்பரே ரயிலில் வந்தார். இறங்கி மூடினார், ரயில் தாண்டியதும் திறந்தார், ஓடி வந்து ஏறினார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம்! தண்டவாளம் போட்டால் போதாது. வேண்டிய நேரத்துக்கு, வேண்டிய தடவை வண்டி ஓட வேண்டும்.

அத்தை வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. ரயில் இல்லாத அந்த வருஷங்களில் தஞ்சாவூர் டாக்டரிடம் போகிற நாளில், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். "ஏன் மாமா?" என்று கேட்டேன்.

"பஸ்ல பாத்ரூம் ஏது தம்பி?" என்றார்.

'பஸ்தான் இருக்கே' என்று எழுதியவர்களின் ஃபைலில் இந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலும் வராது.