நூறு தெனாரியம்

இருபத்திரண்டு ஆண்டுகள் மறைக்கல்வி ஆசிரியராக இருந்தேன். மன்னிப்பைப் பற்றி நன்றாகப் பாடம் நடத்துவேன் என்று எங்கள் பங்கில் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2018 தவக்காலம். மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம் நடத்தினேன். அரசனிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளனின் கதை. கரும்பலகையில் கணக்குப் போட்டேன். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரியம். ஆக, ஆறு கோடி நாள் கூலி. அவ்வளவும் தள்ளுபடி ஆனது. வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடித்தான். முன்வரிசையில் ஒரு சிறுமி அந்தக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த ஆண்டு புதுநன்மை வாங்க வேண்டியவள்.

அவள் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். எனக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் தரவேண்டும். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயல் அவர் வெட்டிய தோட்டத்தைச் சாய்த்துவிட்டது. விழுந்த மரத்தில் பால் ஏது? இது எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். என் தங்கை கல்யாணத்துக்குப் பெரியம்மா தந்த மூன்று லட்சத்தை அவர் சாகும்வரை கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளை ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குக் கூட்டிப் போனேன். 1752 ஜனவரி 14 அன்று மறைசாட்சி தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். அவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதைச் சொன்னேன். புண்ணில் மிளகுப்பொடி தேய்த்ததைச் சொன்னேன். குரல் தழுதழுத்தது. அதிலும் எனக்குப் பெருமைதான்.

மாலையில் கோயில் முற்றத்தில் வேன் வந்து நின்றது. மகளைக் கூட்டிப்போக அவர் நின்றிருந்தார். எல்லோரும் பார்க்கப் பணத்தைக் கேட்டேன்.

"சாரே, கொஞ்சம் பொறுங்கோ. எப்படியும் தந்துடுவேன்."

"தர வக்கில்லாதவன் எதுக்குடே வாங்கினே?" என்றேன். அவர் என்னைவிட மூத்தவர்.

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்ன கதையில் அந்தச் சின்னக் கடன்காரன் கெஞ்சியதும் இப்படித்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பார்வையில் எனக்கும் புரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பின்வாங்கினால் மதிப்புப் போய்விடும் என்று பயந்தேன். மேலும் இரண்டு வார்த்தை பேசினேன்.

அதன்பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. மே மாதம் வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் புதுநன்மைக்கு நின்ற வரிசையில் அவள் இல்லை. அவர் இரண்டு ஆடுகளை விற்றுப் பணம் கொடுத்தனுப்பினார். நான் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில், கோபப்பட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

2022 மே 15 அன்று வத்திக்கானில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் அவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு வாய் எழவில்லை. மறுநாள் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவைப் பார்த்தேன். "மன்னிச்சிடுங்க அண்ணே" என்றேன். "அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு சாரே" என்று கட்டஞ்சாயா தந்தார். நாலு வருஷம் கழித்து வந்தவனிடம் அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் மன்னித்ததைக் காட்டி என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். கதவுக்குப் பின்னால் மகள் நின்றது தெரிந்தது. வெளியே வரவில்லை. நான் கூப்பிடவில்லை. அந்தக் கதையில் நான் யார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.